அவர் மிச்சம் வைத்த சோறு

என் புருஷன் என்னை முதல் தடவை அடித்தது சோற்றுத் தட்டால். விளிம்பு மடித்த எவர்சில்வர் தட்டு. புருவத்துக்கு மேலே கிழித்துக்கொண்டு போனது. இப்போதும் அந்த இடத்தில் முடி முளைப்பதில்லை. ரத்தம் கண்ணில் இறங்கி வீடே சிவப்பாகத் தெரிந்தபோது நான் பார்த்தது தரையில் சிதறிக் கிடந்த களியைத்தான். எனக்குக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த பசி. அடிக்கிற ஆள் தின்றுவிட்டு அடித்திருக்கக்கூடாதா என்றுதான் முதலில் தோன்றியது.

"இன்னாடி போட்ட இதுல? இன்னா கலந்த?" என்று கத்தினார்.

நான் ஒன்றும் கலக்கவில்லை. அந்த வீட்டில் அவருக்குச் சோறு போடும் உரிமையே எனக்குக் கிடையாது. அது மாமியாருடையது. அவர் ஓடி வந்து முந்தானையை என் நெற்றியில் அழுத்திக்கொண்டு, "ஒண்ணும் கலக்கல நைனா, உன் மேல சத்தியமா ஒண்ணும் கலக்கல" என்று மகனைப் பார்த்து அழுதார். அந்தச் சத்தியத்தை நான் நம்பினேன். என் புருஷன் நம்பவில்லை. எங்கள் மூவரில் அன்று புத்தி தெளிவாக இருந்தது யாருக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

அடித்த நாட்களில் மனசுக்குள் அவன் இவன் என்றுதான் சொல்லிக்கொள்வேன். எழுதும்போது அவர் என்று வந்துவிடுகிறது. பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது திருத்தணிப் பக்கம். பிளஸ் டூ வரை தமிழில் படித்தேன். கட்டிக்கொடுத்தது எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இருக்கிற ஒரு தமிழ் ஊரில். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் தெலுங்கு, சண்டை போடும்போது இரண்டும். நாராயணவனத்தில் பெருமாள் கல்யாணம் என்றால் ஊரே கிளம்பிப் போகும். மாமனார் காலம்வரை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. ஊர்ப் பெரிய வீடுகளின் நிலத்தில் கூலி வேலை. பிறகு சர்க்கார் கொஞ்சம் மேட்டு நிலம் கொடுத்தது, அதில் மாங்கன்று வைத்தார்கள். மாமரம் காய்க்கத் தொடங்கும் முன்பே ஸ்ரீ சிட்டி என்கிற தொழிற்பேட்டை வந்துவிட்டது. கம்பெனி பஸ்கள் ஊர் ஊராக வந்து ஆண்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போயின. நாற்று நட்ட கைகள் எல்லாம் உறை மாட்டிக்கொண்டு பாகங்களைப் பொருத்தின.

அந்த ஊரிலிருந்து முதலில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு போன சிலரில் என் புருஷனும் ஒருவர். ஐடிஐ படித்தவர். கம்பெனியின் கேமரா தன்னை மட்டும் பார்க்கிறது என்று தொடங்கியதாம். பிறகு அது தன்னிடம் பேசுகிறது என்றாராம். ஒருநாள் ஏணி போட்டு ஏறி அதை ஸ்பேனரால் அடித்து நொறுக்கி, இறக்க வந்தவனின் தோளையும் உடைத்துவிட்டார். திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி போட்டு, கொஞ்ச காலம் வைத்திருந்து அனுப்பினார்கள். அதற்கப்புறம்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை டைபாய்டு வந்து இளைத்திருக்கிறார் என்றார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். இவர்கள் சிக்கனக்காரர்கள், ஒரே பொய்யில் முடித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி கலங்கினால் பூசாரி, ஆணுக்குப் புத்தி கலங்கினால் கல்யாணம். இரண்டு வைத்தியத்திலும் அடிபடுவது பெண்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் கம்பெனி வேலைக்குப் போனேன். விஷயம் அந்தப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தையல் போட்ட நெற்றியோடு தாய் வீட்டுக்குப் போய் நின்றேன். அம்மா அழுதுவிட்டு, "கல்லானாலும் கணவன்" என்றாள்.

"கல்லா இருந்தா பரவால்லம்மா. கல்லு தானா எழுந்து வந்து அடிக்காது" என்றேன்.

ஆனாலும் திரும்பித்தான் போனேன். அவர் நல்ல நாட்களில் நல்லவர். தாமதமானால் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து காத்திருப்பார், என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பார். இந்த ஆளோடு இருந்தால் உயிரோடு இருப்பேனா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் யாரும் இல்லை.

சொல்லக்கூடிய இடம் என்று ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமையில், பக்கத்து மண்டலத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் திருப்பதியிலிருந்து மனநல டாக்டர் வருவார். போர்டில் என்ன எழுதியிருந்தாலும் ஜனங்கள் அதைப் பிச்சி கேம்ப் என்றுதான் சொல்வார்கள். பிச்சி என்றால் தெலுங்கில் பைத்தியம். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறைக்கு நேர் எதிரே நடக்கும். பெயரைக் கூவிக் கூப்பிடுவார்கள். தடுப்பூசிக்கு வந்த தெரிந்த முகமெல்லாம் திரும்பிப் பார்க்கும். இப்படி இருந்தால் எந்த நோயாளி வருவான்? பெஞ்சு நிறைய அம்மாக்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். நர்ஸ் தெலுங்கில் கேட்பார்: "பேஷன்ட் ராலேதா?" ஆள் வரவில்லையா என்று. "வேலைக்குப் போயிட்டான் அம்மா" என்று எல்லா அம்மாக்களும் ஒரே பொய்யைச் சொல்வார்கள். வெள்ளைக் கவரில் மாத்திரை கைக்கு வந்துவிடும். டாக்டர் அவசரத்தில் இருப்பார், வெளியே கூட்டம் நிற்கும். இப்படியாக, ஆள் வராத கேம்பிலிருந்து மாத்திரை மட்டும் ஒழுங்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

என் மாமியாரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்தான். எனக்கு அப்போது தெரியாது. படிக்கிறவர்களும் என்னைப் போலத் தவிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொன்னால் நான் என் புருஷனிடம் உளறிவிடுவேன், இல்லையென்றால் கோபித்துக்கொண்டு தாய் வீடு போய்விடுவேன் என்று பயந்து, சந்தையில் கருவாடு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். கருவாடும் வாங்கி வருவார், மாத்திரையும் வாங்கி வருவார். நான் வேலையிலிருந்து வருவதற்குள் மாத்திரையைப் பொடியாக நசுக்கி, களியின் நடுவே குழி பறித்து, அதில் ஊற்றுகிற கருவாட்டுக் குழம்பில் கலந்துவிடுவார். பெற்ற மகன் தெளிய வேண்டும் என்று எந்தத் தாயும் செய்கிற வேலைதான். எங்கள் தெருவிலேயே வேறு வீடுகளிலும் நடந்ததென்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆனால் அந்த வீட்டில் இன்னொரு பழக்கம் இருந்தது. புருஷன் தின்ற தட்டில்தான் பெண்டாட்டி தின்ன வேண்டும். தட்டைக் கழுவக் கூடாது. அவர் மிச்சம் வைத்ததை நான் தின்று, அதன்மேலேயே எனக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்ள வேண்டும். இதை வந்த முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாமியார்தான். "எங்க மாமியா சாவற வரிக்கும் நான் அப்டித்தாண்டி துன்னேன். குடும்பம் பிரியாது" என்றார். எனக்கு அதில் அருவருப்பு எதுவும் இல்லை. வெட்கத்தோடு சொன்னால், பிடித்தும் இருந்தது.

முதலில் அவர் பேருக்கு ஒரு வாய் மிச்சம் வைப்பார். சோற்றில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் ஏற ஏற, களியின் ஓரத்தை மட்டும் கிள்ளித் தின்றுவிட்டுக் குழம்பு தேங்கிய நடுவைத் தள்ளிவிடுவார். ஓரம் அவருக்கு, நடு எனக்கு. கருவாடு முழுக்க நடுவில்தான் இருக்கும். கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்த பசிக்கு நான் அதை வழித்து நக்கித் தின்றேன். மகனுக்குக் குணமாகவில்லையே என்று மாமியார் மாத்திரையைக் கூட்டினார். மகன் இன்னும் கொஞ்சம் தள்ளினார். நான் இன்னும் கொஞ்சம் தின்றேன். வைத்தியம் நன்றாகத்தான் நடந்தது, ஆள்தான் மாறிப்போயிற்று.

எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. லைனில் நின்றபடியே கண் சொருகும். கை நடுங்கி ஸ்குரூ கீழே விழும். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டுவார். காலையில் எழுந்தால் தலையணை எச்சிலால் நனைந்திருக்கும். உடம்பு ஊதியது. அப்புறம் மாதாமாதம் வருகிற தூரம் நின்றுபோயிற்று. மார்பில் ஈரம்கூடக் கசிந்தது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மாமியார் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்து, மாங்காய் பறித்துக்கொண்டு வந்து மடியில் கொட்டினார். கண் பட்டுவிடும், இப்போதைக்கு யாரிடமும் காட்ட வேண்டாம் என்றார். கம்பெனியில் தெரிந்தால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வருகை மஸ்டரில் கைரேகை வைக்கும்போதுகூட இரண்டு பேருக்கு வைக்கிற மாதிரி நினைத்துக்கொள்வேன்.

அவருக்குச் சொன்னோம்.

"யார்துடி?" என்றார்.

சிரித்தேன். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். சிரித்த வாயிலேயே குத்தினார். கீழே விழுந்ததும் காலால் உதைக்கத் தொடங்கினார். மற்ற நாட்களில் கிடைத்த இடத்தில் அடிப்பார். அன்று குறி வைத்து அடிவயிற்றில் உதைத்தார். கேமரா வழியாக சூப்பர்வைசர் போட்ட பிள்ளை என்றார். அது உள்ளேயிருந்து தன்னைப் பார்க்கிறது என்றார். நான் சுருண்டு முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். கையை மிதித்து விலக்கிவிட்டு உதைத்தார். மாமியார் என் மேலேயே குப்புற விழுந்தார். அந்த உதைகள் பாதி அவர் முதுகில் விழுந்தன. "என்ன கொல்லு நைனா, அத்த வுட்டுரு, அது புள்ளத்தாச்சி" என்று என் காதருகே கத்தியது இன்னும் கேட்கிறது. அந்த மனுஷியை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன். ஆனால் அன்று அவர் முதுகு இல்லையென்றால் நான் இல்லை.

ஊர் ஆண்கள் வந்தார்கள். ஒருவனை அடக்க நாலு பேர் போதும். வந்ததோ தெருவே. அவர் ஒருவனின் பல்லை உடைத்தார். அதற்குப் பிறகு அது அடக்குவதாக இல்லை. மண்வெட்டிக் காம்பால் முழங்காலில் அடித்தார்கள். விழுந்தவரை முகத்தில் மிதித்தார்கள். எந்தெந்தப் பழைய கோபமோ, எல்லாம் அன்றைக்கு அவர் மேல் இறங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் கிடந்த நான், "போதும், வுடுங்கடா" என்று கத்தினேன். அவருடைய தாய்மாமன் மாடு கட்டுகிற இரும்புச் சங்கிலியைக் கணுக்காலில் பூட்டி, மாந்தோப்பு மோட்டார் ஷெட்டின் கல் தூணில் கட்டிப்போட்டார். சோறு அங்கேயே போயிற்று. அவர் கிள்ளிவிட்டுத் தள்ளிய தட்டு வீட்டுக்கு, என்னிடம், வந்தது. கட்டிப்போட்ட பிறகும் மகன் ஊளையிடுவதைக் கேட்டு, மாமியார் மாத்திரையை இரண்டு மடங்காக்கியிருந்தார்.

மறுபடி கேம்ப் நாள் வந்தது. அன்று விடியற்காலை மாமியார் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். நான் கம்பெனி பஸ்ஸுக்காக மற்றப் பெண்களோடு நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று கழுத்து தானாக இடது பக்கம் திரும்பியது. யாரோ கொண்டையைப் பிடித்து முறுக்குகிற மாதிரி. நேராக்கப் பார்த்தேன், முடியவில்லை. முகம் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. தாடை ஒரு பக்கம் இழுத்துப் பூட்டிக்கொண்டது. நாக்கு தடித்து வெளியே தள்ளியது. கண் மேலே சொருகியது. வலி மண்டைவரை ஏறியது. எல்லாம் நன்றாகத் தெரிகிறது, நன்றாகக் கேட்கிறது, ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. பெண்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள். பஸ் வந்தது. டிரைவர் என்னைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்காமலே போய்விட்டார்.

"புருஷங்கிட்ட இருந்தது இவ மேல தாண்டிக்கிச்சி" என்றார் தாய்மாமன். "வயித்துப் புள்ளைய துன்னறதுக்கு வந்துகீது." யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அவர்கள் கண்ணுக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஊர் எல்லை அம்மன் கோயிலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். வழி மாந்தோப்பைத் தாண்டித்தான். ஷெட்டிலிருந்து அவர் என்னைப் பார்த்தார். பிறகு சங்கிலியை இழுத்துக்கொண்டு எம்பினார்.

"டேய், அது பேய் இல்லடா! ஊசிடா! திருப்பதில ஊசி போட்டப்போ எனக்கும் அப்டித்தாண்டா கழுத்து திரும்பிச்சி! ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்கடா!"

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பைத்தியம் கத்திக்கினு கீது என்றார் ஒருவர். நான் மட்டும்தான் கேட்டேன். எனக்கும் புரியவில்லை, எனக்கு யார் ஊசி போட்டது?

பூசாரி என் முடியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார். "யார் நீ? எங்கிருந்து வந்த?" என்று கேட்டார். பூட்டிய தாடையில் என்ன பதில் வரும்? சாட்டை விழுந்தது. நனைத்த கயிற்றுச் சாட்டை. முதுகில், தோளில், மார்பில். பதில் சொல்லாதது பேயின் பிடிவாதம் என்று ஆகிவிட்டது. வேப்பிலையை முகத்தில் அடித்தார். உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். என் கையை மூடவிடாமல் இரண்டு ஆண்கள் விரல்களைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார்கள். தோல் வெந்த வாடை எனக்கே வந்தது. வயிற்றில் அடிக்காதீர்கள் என்று சொல்ல மட்டும் ஒரு வாய் வேண்டியிருந்தது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் என்னோடு தினமும் பஸ்ஸில் வருகிறவர்கள். பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொண்டவர்கள். கைகூப்பிக்கொண்டு பார்த்தார்கள்.

சங்கிலிச் சத்தம் முதலில் கேட்டது. தூணில் பூட்டியிருந்த கொக்கியைப் பிடுங்கியிருக்கிறார். கணுக்காலில் தோலே இல்லை. காலில் ஒரு முனை, கையில் ஒரு முனை என்று சங்கிலியோடு கூட்டத்துக்குள் வந்தார். அதைச் சுழற்றி வீசினார். சாட்டை பிடித்திருந்த கை ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. தாய்மாமனின் மண்டையில் அடுத்தது விழுந்தது. பிறகு யாரும் கிட்டே வரவில்லை. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். வந்த ஷேர் ஆட்டோவை மறித்து, "ஓட்றா" என்றார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சொல்லாமலே இறங்கிக்கொண்டார்கள். டிரைவர் பயத்தில் அழுதுகொண்டே ஓட்டினான். வழியெல்லாம் அவர் என் தலையை மடியில் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒரு ஊசி போட்டா சரியாப்பூடும், ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் வயிற்றில் உதைத்த அதே ஆள்.

மண்டல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கேம்ப் நடந்துகொண்டிருந்தது. பெஞ்சில் வழக்கம்போல அம்மாக்கள். காலில் சங்கிலி இழுபட ஒருவர், அவர் தோளில் கழுத்து திருகிய ஒருத்தி. நர்ஸ் எழுந்து நின்றுவிட்டார். "பேஷன்ட் எவரு?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அவரைக் காட்டினார்கள். அவர் என்னைக் காட்டினார். அந்தக் கேம்புக்குத் தன் காலால் வந்த முதல் நோயாளி அவராகத்தான் இருக்க வேண்டும். வந்தது எனக்காக.

டாக்டர் இளவயசுப் பெண். என்னைப் பார்த்ததுமே ஊசி எடுத்துப் போட்டுவிட்டார். "இவங்க என்ன மருந்து சாப்பிடறாங்க?" என்று தமிழிலேயே கேட்டார்.

"ஒண்ணும் சாப்புடல. அதான் எனக்கும் புரியல" என்றார் அவர். சொல்லிக்கொண்டே திரும்பியவர் பெஞ்சின் கோடியைப் பார்த்தார். அங்கே அவருடைய அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் வெள்ளைக் கவர்.

அவர் போய்க் கவரைப் பிடுங்கி உதறினார். மாத்திரைகள் தரையில் உருண்டன. திருப்பதியில் தனக்குக் கொடுத்த மாத்திரை எது என்று அவருக்குத் தெரியாதா?

டாக்டர் மாமியாரிடம் கேட்டார். மாமியார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். குழம்பில் கலந்தது, மகன் நடுவைத் தின்னாதது, அதனால் நேற்றும் முந்தாநாளும் இரட்டிப்பாகப் போட்டது. "மிச்சத்தை என்ன பண்ணுவீங்க? கொட்டிடுவீங்களா?" என்றார் டாக்டர். மாமியார் வாயைத் திறந்தார். அவர் பார்வை மெதுவாக என் பக்கம் வந்தது. தான் கட்டிக்காத்த வழக்கத்தை அந்த நிமிஷம்வரை அவர் யோசித்ததே இல்லை. அதற்குள் என் கழுத்து கொஞ்சம் இளகியிருந்தது. தின்றது நான்தான் என்று கையைத் தூக்கினேன்.

அவர் தன் அம்மாவின் தொண்டையைப் பிடித்தார். பெஞ்சோடு சேர்த்துச் சுவரில் தள்ளி நெரித்தார். அம்மாக்கள் அலறினார்கள். வாட்ச்மேன் கட்டையால் அவர் முதுகில் அடித்தான், அவர் அசையவில்லை. மாமியாரின் கண் பிதுங்கியது. கைகளை எடுத்துத் தடுக்கக்கூட இல்லை, தொங்கவிட்டிருந்தார்.

"சொன்னேன்ல? சோத்துல போடறாங்கன்னு சொன்னேன்ல? எல்லாருமா சேர்ந்து எனக்கு பைத்தியம்னீங்கள்ல?" என்று அவர் கத்தினார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நீங்க உக்காருங்க" என்று நர்ஸ் சமாதானம் சொன்னார். அவர் பிடி இன்னும் இறுகியது.

என் நாக்கு வாய்க்குள் திரும்பியிருந்தது. "நிஜம்" என்றேன். குழறலாகத்தான் வந்தது. "நீ சொன்னது நிஜம். போட்டாங்க. நான் துன்னேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆமாம், நீங்க சொன்னது நிஜம்தான். அது தப்பு. நாங்க ஆளைப் பார்க்காம கொடுத்ததும் தப்பு" என்று டாக்டரும் சொன்னார். அவர் கை தளர்ந்தது. மாமியார் தரையில் சரிந்து இருமினார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, சங்கிலியைக் காலடியில் சுருட்டி வைத்தார்.

"குடுக்கறதுன்னா என் கைல குடுங்க" என்றார் டாக்டரிடம். "அவங்க கைல வாணாம்."

அன்றே என்னைப் பரிசோதித்தார்கள். வயிற்றில் பிள்ளை இல்லை. எப்போதும் இருந்ததும் இல்லை. தூரம் நின்றது, மார்பு கசிந்தது, எல்லாம் அந்த மாத்திரையின் வேலை என்றார் டாக்டர். தொண்டையில் விரல் தடம் சிவந்திருந்த மாமியார், தன்னைக் கொல்ல வந்ததற்கு அழவில்லை. இதற்குத்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம். இல்லாத பிள்ளைக்காக இவ்வளவு அடி வாங்கியிருக்கிறேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் புருஷன் காதில் இது விழுந்ததா என்றே தெரியவில்லை.

நான் தாய் வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் கேம்புக்கு வரத் தொடங்கினார். உடனே தெளிந்துவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒரு தடவை பாதியில் மாத்திரையை விட்டுவிட்டு, புத்தூர் பஸ் ஸ்டாண்டில் யாரையோ அடித்து, அங்கே இருந்தவர்களிடம் உதை வாங்கி, வீங்கிய முகத்தோடு வந்தார். ஆனாலும் வந்தார். அம்மா கையால் தின்பதை நிறுத்திவிட்டார், தானே பொங்கித் தின்றார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அதை மாமியார் அந்த வயசில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆள் வராமல் மாத்திரை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சில குடும்பங்கள் அவரிடம் சண்டை போட்டுவிட்டு வராமலே போயின. சிலர் வந்தார்கள். அம்மாக்களுக்குப் பக்கத்தில் மகன்களும் மகள்களும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்கள். டாக்டர் கேட்டுக்கொண்டதால் நானும் கேம்ப் நாளில் மட்டும் திருத்தணியிலிருந்து வருவேன். பெஞ்சின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர். பேச்சு இருக்காது. அவரை அறுத்துக்கொண்டு போவதா இல்லையா என்று பார்க்கத்தான் வந்தேன் என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு தடவை அவர் என் பக்கம் நகர்ந்து வந்து உட்கார்ந்தார். எதிர் அறையில் குழந்தைகள் ஊசிக்கு அழுதுகொண்டிருந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி உன் வயித்துல புள்ள இல்லன்னாங்களே" என்றார்.

"இல்ல."

"அப்ப நான் யாரை ஒதச்சேன்?"

"என்னத்தான்" என்றேன்.

எதிர் அறையிலிருந்து பார்வையை என் நெற்றித் தழும்புக்குத் திருப்பினார். பிறகு, "வலிச்சிச்சா?" என்று கேட்டார். கம்பெனியில், ஊரில், தாய் வீட்டில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

"வலிச்சிச்சி. இப்பவும் குனிஞ்சா வலிக்குது" என்றேன்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனார். கதவு சாத்தவில்லை. ஒவ்வொரு மாதமும் அவர் டாக்டரிடம் சொல்வதெல்லாம் மற்றவர்கள் தனக்குச் செய்ததுதான். கேமரா வைத்தது, கலந்தது, கட்டிப்போட்டது, அடித்தது. அன்று உட்காருவதற்கு முன்பே, "நான் என் பொண்டாட்டிய ஒதச்சேன் மேடம்" என்றார். "ரொம்ப ஒதச்சேன். அத்த கூட்டிக்கினு போய் எங்கன்னா காட்டுங்க. அதுக்கு இன்னும் வலிக்குதாம்."

அன்று மாலை இருவரும் ஒரே பஸ்ஸில், திருத்தணிக்குப் போகிற பஸ்ஸில், ஏறினோம். நான் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நின்றார். பக்கத்தில் இடம் இருந்தும் வந்து உட்கார் என்று நான் சொல்லவில்லை. இறங்கிப் போ என்றும் சொல்லவில்லை.